ஃபேமிலி ஒருவர்

18.1.2007, வியாழன்
கம்பெனி இவரை மார்ச்சில் ஜப்பானுக்கு அனுப்புகிறது. கார் உதிரிபாக விற்பனையில் இவருக்குத்தான் முதலிடமாம். 'ஊழியரும் ஃபேமிலி ஒருவரும்' என்று கடிதம். துபாயில், இந்தக் கராமாவில் யாரைக் கேட்டாலும் ஃபேமிலி என்றால் பெண்டாட்டிதான். "ஃபேமிலி வந்தாச்சா?" என்று கேட்ட பிறகுதானே இந்த ஃபிளாட்டையே கொடுத்தார்கள்!

குழந்தை தாமரைக்கு மார்ச்சில் பதினோரு மாதம் ஆகும். குளிரில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டால்? பக்கத்து ஃபிளாட் ஹாலிதா அக்கா, "புள்ளய எங்கிட்ட விட்டுட்டுப் போ புள்ள" என்கிறாள். விட்டுவிட்டு இருப்பேனா?

27.1.2007
நெட்டில் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். தக்காயாமா — பழைய மர வீடுகள், மதுக்கடை வாசலில் தழையைப் பந்தாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஷிரக்காவா — கும்பிடுகிற கை மாதிரி புல்கூரைகள், பனி நிற்காமல் சரிய. கமிகோச்சி — மலை, கண்ணாடி மாதிரி ஆறு. ஏப்ரல் பாதிவரை பாதையை மூடிவிடுவார்களாம். லிஸ்டிலிருந்து அதை அடித்துவிட்டேன்.

9.2.2007
ஷார்ஜாவில் இருக்கும் இவருடைய அண்ணன் வீரபாண்டி போகிறாராம். பெயரும் கொடுத்தாச்சாம்.

"அண்ணனும் ஃபேமிலிதானே? கைப்புள்ளய வச்சுக்கிட்டு நீ என்னத்தப் பாக்கப் போற?"

என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அப்ப நான் யாரு இந்த வீட்ல? ஆயாவா?

11.2.2007
"அந்த லிஸ்ட்ட அழகா எழுதிக் குடுத்துரு. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

எழுதிக் கொடுத்தேன். கமிகோச்சியை முதலில் போட்டேன். மூடியிருக்கும் என்பதை எழுதவில்லை.

6.3.2007
தக்காயாமாவிலிருந்து போன். "பாதி வழில பஸ்ஸு நின்னுருச்சு. மேல போனா கேட்டு பூட்டிக் கெடக்கு, முழங்கால் அளவு பனி. அண்ணன் வழுக்கி விழுந்து, ஒரே திட்டு. நீ சரியாப் பாக்கலயா?"

"பாக்கலங்க."

காலை ஒடித்துக்கொண்டிருந்தால்? அதுவும் என் தலையில்தானே. ஆனால் — உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

16.3.2007, வெள்ளி
இவருடைய நண்பர்கள் வந்திருந்தார்கள். கும்பிடும் கூரைக்கு முன்னால் அண்ணன், தக்காயாமா மர வீட்டு வாசலில் அண்ணன் — போட்டோக்கள் கைமாறின. பூட்டிய கேட்டின் கதை வந்தது.

"யாருய்யா வழி சொன்னது?" என்றார் பத்மநாபன்.

"எல்லாம் நம்ம ஃபேமிலிதான்!" என்று இவர் என்னைக் கைகாட்டினார். ஒரே சிரிப்பு.

டீயை வைத்துக்கொண்டே, "ஏப்ரல்லதான் தொறப்பாங்க" என்றேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இவர் மட்டும் நிறுத்திவிட்டார்.