தந்தத் தகட்டில் என் முகம்

கோர்ஃபூ தீவுக் கோட்டையில் காவல் பணியில் இருக்கும் என் கணவருக்கு,

வெனிஸில் குளிர் விட்டுவிட்டது. உங்கள் அம்மா நலம். போன இரண்டு கடிதங்களிலும் லேசான காய்ச்சல் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது பெரியம்மை. பிழைத்துவிட்டேன். கண்ணுக்கும் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்போலவே தந்தத் தகடுகளில் சிற்றோவியம் வரைகிறேன்.

முகத்தைப் பற்றி எழுத வரவில்லை. அதனால் உங்களுக்கு அனுப்புவதற்காகக் கண்ணாடியைப் பார்த்து என்னையே வரைந்தேன். நேற்று தன் படத்துக்காக வந்த ஓர்சேத்தா சீமாட்டி அதை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

“அடிப்பாவி! இத்தனை தழும்பையும் எதுக்குடி போட்டே? உன் மூஞ்சியையே உனக்குக் காப்பாத்தத் தெரியல, என் மூஞ்சியை எப்படிக் காப்பாத்துவே? இப்பவே மறைச்சிடு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. எத்தனையோ பெண்களின் தழும்புகளை மறைத்தவள்தானே நான். தூரிகையை நனைத்துக் கன்னத்தில் மெல்லப் பூசினேன். நீங்கள் பார்த்துவிட்டுப் போன முகம் திரும்பி வந்தது. சீமாட்டி சிரித்தாள். எனக்கோ, நீங்கள் அந்தப் படத்தோடு கப்பலிலிருந்து இறங்கி, கூட்டத்தில் அதிலிருக்கும் முகத்தைத் தேடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவதுபோல் இருந்தது.

பூசியதை ஈரம் காய்வதற்குள் துடைத்துவிட்டேன். “உன் தலையெழுத்து” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இன்று வரவேண்டிய அவளுடைய தோழிகளும் வரவில்லை.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அதன் பிறகும் ஊருக்கு வர மனம் இருந்தால், எந்தக் கப்பல் என்று எழுதுங்கள். முகத்திரை போடாமல் கரையில் நிற்பேன்.

உங்கள் மனைவி