யாரும் பூசாத தகடு

மார்ச் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எனக்கு எழுத வராதென்று தெரியுமே, சலூன்காரர் எழுதுகிறார். திட்டினால் அதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நடுத்தகடு துருப்பிடித்துவிட்டதென்று அடுத்த மாதம் பாலத்தை மூடப்போகிறார்களாம். பிடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு நகரத்தாரும் ஆளுக்கொரு கரையிலிருந்து கட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் பார்த்தால் ஒரு சாண் ஏற்றத்தாழ்வு. "உங்க பக்கம் இறங்கிப்போச்சு", "உங்க பக்கம்தான் தூக்கிடுச்சு" என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை. கடைசியில் இரும்புத் தகட்டைச் சாய்த்துப் போட்டு மூடினார்கள். எங்கள் பாதிக்கு நான் பச்சை பூசினேன், உங்கள் பாதிக்கு நீங்கள் சாம்பல். தகட்டை மட்டும் தொடாதே என்று இரண்டு ஆபீசிலும் உத்தரவு.

பாலம் போனால் மகளைப் பார்க்கச் சுற்றுவழியில் அரைநாள் பஸ். என் முட்டி ஒப்பாது. ஞாயிற்றுக்கிழமை தகட்டுத் துருவைச் சுரண்டப்போகிறேன். நீங்களும் வாருங்கள்.

பச்சைப் பெயிண்டர்

மார்ச் 8

மதிப்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்து உள்ளே போடுவார்கள். என் பையனுக்கும் இங்கே நகராட்சியில்தான் வேலை. இந்த வயதில் நமக்கேன் வம்பு? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

சாம்பல் பெயிண்டர்

மார்ச் 12

சம்பந்திக்கு,

நீங்கள் வரவில்லை. போலீஸ்காரர்கள் வந்தார்கள், கரைக்கு ஒருவராக.

"யார் உத்தரவு, பெரியவரே?"

"இது எந்த ஊரு தகடுன்னு சொல்லுங்க. அந்த ஊர்லயே வாங்கிக்கறேன்."

இருவரும் ஆபீசுக்குப் போன் போட்டார்கள். இரண்டு பக்கமும் எங்களுடையது இல்லை என்றார்கள். அப்புறம், "நீங்களே புடிங்க சார்", "சேச்சே, உங்க எல்லை சார்" என்று ஒரே உபசாரம். பிடிக்கிற ஊரின் தலையில் தகட்டுப் பொறுப்பு விழுந்துவிடுமே! நான் பாட்டுக்குச் சுரண்டினேன். துரு மேல்தோல்தான். உள்ளே இரும்பு பளபளவென்று இருக்கிறது. இனி எதைக் காட்டி மூடுவார்கள்?

உங்கள் பக்கத்துப் பாதியை அப்படியே விட்டிருக்கிறேன். அதையும் நானே சுரண்டிவிடுவேன். ஆனால் அதற்கப்புறம் உங்களைச் சம்பந்தி என்று கூப்பிடமாட்டேன். சலூன்காரர் இதை எழுதத் தயங்கினார். அதட்டி எழுதவைத்தேன்.

பச்சை

மார்ச் 15

சம்பந்தி,

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வருகிறேன். தடுப்பதற்காகப் பையனும் கூடவே வருவானாம். வரட்டும். பெயிண்ட் வாளியை அவன் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.

சாம்பல்