எறியாத பந்து

என்னங்க,

அம்மாவைப் பார்க்கத் திருத்தணிக்குப் போகிறேன். களியும் கீரைக் கடைசலும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன்.

டைகருக்கு உட்காரப் பழக்கும்போது நேற்றுபோல் பிரம்பை எடுக்காதீர்கள். துணிப்பந்தைக் காட்டி "உட்காரு" என்று சொல்லுங்கள். உட்கார்ந்ததும் பந்தை எறிந்து, கொஞ்ச நேரம் கூடவே விளையாடுங்கள். அப்புறம் அதன் கண் உங்கள் கையைவிட்டு நகராது. காட்டிவிட்டு எறியாமல் ஒளித்தால் ஒரு தடவைதான் ஏமாறும், பிறகு எழுந்து போய்விடும்.

சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவேன்.

தாட்சாயணி

கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். "எல்லைத் தகராறு தீரட்டும், திருத்தணிக்கே குடி போயிடலாம்மே" என்றீர்கள். தீர்ந்துவிட்டது. திருத்தணி மெட்ராஸோடு போய்விட்டது, நாம் ஆந்திராவில், இதே நகரியில். நான் இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.