வாயில் குஞ்சோடு வந்த மீன்

அடியே, நீ மீன் போட்டுவைக்கும் ஓலைப் பறி என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை என் பறியின் விளிம்பு பிய்ந்துபோக, பரண்மேல் கிடந்த உன்னுடையதை எடுத்தேன். ஓலையில் உன் பல் தடம் அப்படியே இருக்கிறது. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி மீன் பிடிக்கும்போது பறியை வாயில்தானே கவ்விக்கொள்வோம்? நானும் கவ்விப் பார்த்தேன். உன் தடத்தில் என் பல் உட்காரவே இல்லை. உனக்கு முன்பல் எடுப்பு. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

ஏரியில் இறால் கிடைக்காத நாட்களில் நாம் ஒல்லாந்தர் கோட்டை அகழிக்குத்தான் போவோம். அங்கே நிற்பது மழைத்தண்ணீர். நம் ஊர் மீன் சேத்தக்கெண்டை, கல்லில் முட்டையை ஒட்டிவிட்டு ஆணும் பெண்ணுமாய்க் காவல் நிற்கும். குஞ்சோடு இருக்கும் மீனைத் தொடக்கூடாது, கையில் சிக்கினாலும் விட்டுவிட வேண்டும் என்பது நம் பெண்களுக்குள் ஒரு கட்டு. அதை யாரும் மீறியதில்லை.

ஒரு பெருமழையில், மேட்டுப்பக்கம் யாரோ மீன் வளர்த்த குட்டை உடைந்து அகழிக்குள் பாய்ந்தது. வெள்ளம் வடிந்ததும் நாம் இறங்கினோம். உன் கையில் கறுப்பாய் ஒன்று துள்ளியது. நீ அமுக்கியதும் அதன் வாயிலிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. நாம் ஜிலேபி மீனைப் பார்த்தது அதுதான் முதல்.

“இன்னாடி இது! இது நம்ம மீனு இல்லடி. கரையில போட்றேன்” என்று கையை ஓங்கினாய்.

நான்தான் பாய்ந்து உன் கையைப் பிடித்தேன். “குஞ்சோட கீதுடி! பாரு, நம்மள மாதிரியே வாயில சுமக்குது. வுட்டுடு, பாவம்.”

என்னை முறைத்தாய். ஆனாலும் விட்டாய்.

மூன்றாவது மழைக்காலத்துக்குள் அகழி முழுக்க அதுதான். அடிச்சேற்றைக் குழி குழியாய்ப் பறித்தது. சேத்தக்கெண்டையை விரட்டிவிட்டு முட்டையைத் தின்றது. ஒரு மீனை விட்டதாலா அகழி கெட்டது? வெள்ளத்தோடு எத்தனை வந்ததோ! ஆனால் கரையில் நின்றவர்கள் பார்த்தது உன் கையைத்தான். ‘அகழியக் கெடுத்தவ’ என்று உனக்குப் பெயர் வைத்தார்கள். குழாயடியில்கூட அதே பேச்சு. நீ ஒரு தடவையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ கண்மூடுகிறவரை நானும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஊர்க்கூட்டத்தில், அகழியில் இன்னும் ஜிலேபிக் குஞ்சு விடலாம் என்றார் தலைவர். “அவதான் எப்பவோ கெடுத்துட்டாளே, இனிமே இன்னா கெடப்போவுது?” என்று பக்கத்தில் ஒருவன் சிரித்தான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம்! எழுந்துவிட்டேன்.

“அவ கெடுக்கல. கரையில போட்றேன்னுதான் சொன்னா. வுடச் சொன்னவ நானு. திட்றதுன்னா என்னத் திட்டு. ஆனா இன்னொரு குஞ்சு அகழியில வுழணும்னா, என்னத் தாண்டித்தான் வுழணும்!”

தலைவர் சமாதானமாய்ப் பேசினார். “ஒல்லாந்தக்காரனும் வெளியூர்க்காரன்தான? வந்தான், இருந்தான். ஊரு இன்னா அழிஞ்சா போச்சு?”

“அவன் போய்ட்டான், நைனா. இது போவாது.”

குஞ்சு விடும் பேச்சு இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மறுபடி எடுப்பார்கள், எடுக்கட்டும், நானும் எழுந்திருப்பேன். தினமும் காலையில் இறங்கி ஜிலேபி பிடிக்கிறேன். “ஒருத்தி கையால எத்தினிய புடிப்ப?” என்று கேலி வேறு. பிடிக்கிறவரைக்கும் பிடிப்பேன், அவர்களுக்கென்ன?

இன்று உன் பறியைக் கவ்வியபடி தடவும்போது ஒன்று சிக்கியது. வாய் உப்பியிருந்தது. உள்ளே குஞ்சு. விட்டுவிடத்தான் போனேன், உன்னிடம் மறைப்பானேன்? சின்ன வயதிலிருந்து காத்த கட்டு. அப்போதுதான் பார்த்தேன், இரண்டு கல் தள்ளித் தெளிந்த தண்ணீரில் ஒரு சேத்தக்கெண்டை ஜோடி முட்டைக்குக் காவல் நிற்கிறது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு ஜோடி!

ஒரு குஞ்சும் நழுவாதபடி ஜிலேபியின் வாயை அமுக்கிப் பிடித்தேன். உன் பறியை என் வாயிலிருந்து எடுத்தேன்.

“இது நம்ம மீனு இல்லடி” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கரையில் போட்டேன்.