ஆளில்லாத கட்டம்

ஓலைத்தொடுவாய், மன்னார்
2018 செப்ரெம்பர் 9, ஞாயிறு

அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு,

மாதாவின் தயவில் நான் சுகம், லோறன்ஸ் பெரியப்பாவும் சுகம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று இன்று பூசையில் மன்றாடிக்கொண்டேன். சோளகக் காற்று இன்னும் விடவில்லை, கோப்பைக்குள்ளும் மணல், தலையணைக்குள்ளும் மணல். நீ என்னோடு கதைத்து ஐந்து மாதமாகிறது. காணாமல் போன அப்பா இறந்துவிட்டார் என்ற பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை என்று உனக்குக் கோபம். அது நியாயமான கோபம்தான், பத்து வருடமாக ஒருத்தி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் பெற்ற பிள்ளைக்கும் களைத்துப்போகும். ஆனால் இங்கே நடந்ததை நீ வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

நான் மன்னார் ரவுனில் கம்பியூட்டர் வேலைக்குப் போவது உனக்குத் தெரியும், என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் ரைப் அடித்த கை என்பதால்தான் ஐம்பத்து நாலு வயதில் என்னை எடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து படங்களும் வீடியோக்களும் வரும், அவற்றில் தெரிகிற பொருட்களைச் சுற்றி நாங்கள் உருவம் கீற வேண்டும். ஆளுக்கும் மாட்டுக்கும் வாகனத்துக்கும் நாலு மூலைக் கட்டம், குளத்துக்கும் வயலுக்கும் ஓரம் ஓரமாகப் புள்ளி வைத்து வளைத்துக் கட்ட வேண்டும், பிறகு அது இன்னதென்று பெயர் கொடுக்க வேண்டும். ஒரு ஆள் மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றால் மறைந்த பாதியையும் மனதால் மட்டுக்கட்டி முழு ஆளுக்கும் கட்டம் போட வேண்டும். நாங்கள் ஆயிரக்கணக்கில் இப்படிக் கீறுவதைப் பார்த்து மெஷின் தானாகவே ஆட்களை அடையாளம் காணப் பழகிவிட்டது, இப்போது அதுவே முந்திக் கட்டம் போட்டுத் தருகிறது, நாங்கள் பிழை திருத்தினால் போதும்.

ஜூன் மாதக் கடைசியில் ட்ரோன் பிடித்த வீடியோ ஒன்று வந்தது. ஊர்ப்பெயர் இராது, இலக்கம் மட்டும்தான். அரிவு வெட்டிய வயல், பற்றை, பக்கத்துக் காணியில் ஒரு புது வீடு, இந்தக் காணியில் ட எழுத்துப் போல மடிந்த ஒரு சீமெந்துத் தொட்டி. அந்தத் தொட்டியை உயரத்தில் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை, என்றாலும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வெள்ளாங்குளத்தில் அப்பா தன் கையால் கட்டியது, ஒரு பக்கம் மாடு குடிக்க, மறுபக்கம் நாங்கள் குளிக்க. இடம்பெயர்ந்த மறுநாள் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டு வாறன் என்று சைக்கிளில் திரும்பிப் போனாரே, அந்தக் காணி.

தொட்டியடியில் மெஷின் ஒரு கட்டம் போட்டிருந்தது, பெயர் ‘ஆள்’. உள்ளே ஒருவரும் இல்லை, வெறும் தரையும் வெயிலும். பிழைக் கட்டங்கள் தினமும் வரும், பனங்குற்றியைக்கூட ஆளென்று சொல்லும், அதனால் அழித்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். வீடியோவை நாங்கள் ஒவ்வொரு படமாக நகர்த்துவோம். அடுத்த படத்தில் கட்டம் கொஞ்சம் தள்ளி இருந்தது, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஆள் நடக்கிற வேகத்தில் அது தொட்டியடியிலிருந்து வேலிப்பக்கம் போனது. பிறகு நின்றது. பிறகு போனது, திரும்பவும் நின்றது. முட்டு வருத்தக்கார மனிசன் பத்தடிக்கு ஒருக்கால் நின்று மூச்சு வாங்குவதைப் பத்தொன்பது வருடம் பின்னால் நடந்து பார்த்தவள் நான், பிள்ளை. வேலிக்கு இப்பால் ஒரு வெறும் இடத்தில் கட்டம் குட்டையானது. நிற்கிற ஆளுக்குக் கட்டம் உயரமாக வரும், குந்தியிருக்கிற ஆளுக்குச் சதுரமாக வரும். அது சதுரமாகி, வீடியோ முடியுமட்டும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பகல் பதினொன்றரை மணி, கந்தோர் நிறைய ஆட்கள். பக்கத்துக் கதிரை நூர்ஜஹானைக் கூப்பிட்டேன், எருக்கலம்பிட்டிப் பிள்ளை, புத்தளம் முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவள். யாருடைய காணி என்று நான் சொல்லவில்லை. இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, ஆருக்கோ மூச்சு முட்டுற மாதிரியெல்லோ போகுது” என்று மெதுவாகச் சொன்னாள். பொறுப்பாக இருக்கும் நிரோஷன் வந்து பார்த்து, இது நிழலாக இருக்கும் அன்ரி, ஆளில்லாத கட்டத்தை விட்டால் முழு வேலையையும் திருப்பி அனுப்புவார்கள், அழியுங்கோ என்றார். முந்நூற்று நாற்பது படம், ஒவ்வொன்றிலும் அவரை நான் அழிக்க வேண்டும். விரலை வைத்தேன், அழுத்த முடியவில்லை. எனக்கு ஏலாது தம்பி என்று சொல்லி லீவு எழுதிக் கொடுத்தேன்.

பெரியப்பா என்னை ஏசுவார் என்று பயந்துதான் சொன்னேன், அவரோ உடனே சேர்ட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டார். அந்தக் காணிக்கு நாங்கள் திரும்பிப் போனதேயில்லை, முதலில் மிதிவெடி என்றார்கள், பிறகு என் மனம் விடவில்லை. பக்கத்துக் காணியில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய செல்லையா, அருளம்மா என்று ஒரு குடும்பம். எங்கள் காணிதான் இது என்று மட்டும் சொன்னேன். அருளம்மா தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “அந்த ஐயா ஒங்க ஆளுங்களா?” என்று கேட்டாள். எந்த ஐயா என்று கேட்டேன். மத்தியான வெயிலில் கிணற்றுத் தண்ணீருக்கு வந்தால் தொட்டியடியில் ஒருவர் நிற்பாராம், நேரே பார்த்தால் இருக்க மாட்டாராம். அவருக்கென்று ஒரு வாளி நிரப்பி வைத்துவிட்டுப் போவாளாம். பயமில்லையா என்றேன். “தண்ணிக்கு நிக்கிறவருக்கு என்னாத்துக்குங்க பயப்படணும்” என்றாள். வேலிக்குள் ஒரு இடத்தில் மட்டும் புல் இடுப்பளவு நிற்கிறது, மாடுகள் அங்கே வாய் வைப்பதில்லை என்று செல்லையா சொன்னார். கட்டம் சதுரமாகி நின்ற இடம். கட்டத்தைப் பற்றி நான் அவர்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அதில் கால் வைத்தேன், மண் கொஞ்சம் இறங்கியது. பெரியப்பா அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். “இது நானும் தம்பியும் பங்கர் வெட்டின இடம், புஸ்பம்” என்றார்.

கிராம விதானையிடம் போய், சட்டத்தரணியைப் பிடித்து, நீதிமன்ற அனுமதி வந்து, ஓகஸ்ட் பதினாலாம் திகதி வைத்தியரும் நீதவானும் நிற்கத் தோண்டினார்கள். ஒரு ஆண், ஒருவர் மட்டும். முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்காலை மடித்துக் குந்தியபடி. சூட்டுக் காயம் இல்லை, பக்கத்தில் செல் குண்டு விழுந்து மண் சரிந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். இடுப்படியில் நீல வலை நூலில் கோத்த, வீட்டுப் பூட்டுகளின் மூன்று திறப்பு. கலியாணம் முடித்த புதிதில் பெரியப்பா எனக்கு வலை முடிச்சுப் பழக்கினார், நான் இன்றுவரை அதைத் தலைகீழாகத்தான் போடுவேன். நூலில் இருந்தது தலைகீழ் முடிச்சு. அவர் தப்பி ஓடியிருப்பார், எங்கேயோ சிறையில் இருப்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். நாங்கள் விட்டுவந்த வளவிலேயே இருந்திருக்கிறார் மகள், ஓரிடமும் போகவில்லை.

திரும்ப வேலைக்குப் போனபோது அந்த வீடியோ முடிந்திருந்தது. நூர்ஜஹான் விசயத்தை ஊகித்து, அதைத் தன் பெயரில் எடுத்து, ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொன்றுக்கும் இறந்தவருக்குச் சொல்லும் இன்னா லில்லாஹியை மனதுக்குள் ஓதி அழித்தாளாம். “உங்கட கையால செய்ய வேண்டாமெண்டுதான் அக்கா” என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்து அன்றுதான் அழுதேன். போன கிழமை அதே காணியின் புது வீடியோ வந்தது. அருளம்மாவுக்கு ஒரு கட்டம், மாடுகளுக்கு இரண்டு, எல்லாம் சரி. தொட்டியடியில் ஒன்றுமில்லை. மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். சந்தோசப்படவேண்டிய நான் நாலாவது முறையும் தேடினேன்.

திறப்பும் முடிச்சும் நீதிமன்றத்துக்குப் போதாது. மரபணு பார்க்கவென்று பெரியப்பாவிடம் இரத்தம் எடுத்துவிட்டார்கள், பெற்ற பிள்ளையினது இருந்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாமாம். அதுவரைக்கும் அவர் ஆஸ்பத்திரியில் ஒரு இலக்கம். வர ஏலுமென்றால் வா, ஏலாவிட்டால் அங்கேயே கொடுக்க வழியுண்டா என்று கேட்டுப் பார். நீ கேட்ட பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்கிறேன், அந்த நேரம் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியில் போகாதே. மாதா உன்னைத் தன் சீலைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மா இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். மறந்துவிடாதே, வருகிற நாள் தெரிந்தவுடன் போன் எடு. கோபம் இன்னும் இருந்தால் ஒன்றும் கதைக்க வேண்டாம், திகதியை மட்டும் சொல்லிவிட்டு வை.

உன் அன்பு அம்மா,
அமிர்தநாயகம் புஸ்பம்