உச்சிக்கிளையில் துண்டு

சதுரங்கப்பட்டினம்

என் கோபக்காரத் தம்பிக்கு,

பாகம் பிரித்தபோது அப்பாவின் எந்த மான்கொம்புக்காக நாம் பேச்சை நிறுத்தினோமோ, அது இப்போது என் கட்டிலருகே சுவரில் இருக்கிறது. ஆடியில் நான் வாதம் வந்து படுக்கையில் விழுந்தபின் நீயே கருங்குழியில் உன் வீட்டிலிருந்து அதைத் தூக்கி வந்தாய். மடியில் கிடந்த என் வலது கையைப் பார்த்தாய். ஆணி அடித்தாய். "தெனம் துண்ட இதுல நீயே மாட்டுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாய்.

"இன்னாம்மா, மாமா இவ்ளோ கீழ மாட்டிட்டுப் பூட்டாரு? கண்ண குத்திடப் போவுது" என்று என் மகள் பிரதீபா கத்தினாள். அன்றைக்கு எனக்கும் கோபம்தான்.

அடிக்கிளைக்குத் துண்டு எட்டவே தீபாவளி ஆகிவிட்டது. நடுக்கிளைக்குப் பொங்கல். நேற்று உச்சிக்கிளையில் போட்டுவிட்டேன் தம்பி. கொம்பைப் பதித்திருக்கும் தேக்குப் பலகையில் செதுக்கிய பூவைக்கூட விரலால் தடவிப் பார்த்தேன். பிரதீபா அழுதுவிட்டாள்.

அடுத்த முறை வந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. உன் சட்டையை மாட்ட ஒரு கிளை காலியாக இருக்கிறது.

எழுத்து இவ்வளவு கோணலா என்று பிரதீபாவைத் திட்டாதே. இதை அவள் எழுதவில்லை.

உன் அக்கா