புகைபோக்கிக்குள் உழவாரன்கள்

ஆகஸ்ட் 21

வானம் முழுவதும் கிடக்க, ஒரு பறவை ஏன் என் வீட்டுப் புகைபோக்கிக்குள் வந்து தொங்குகிறது? எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறவள். தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும்.

இன்றும் இருட்டும் வேளையில் உழவாரன் குருவிகள் கூரைக்கு மேல் வட்டமிட்டு, வட்டத்தை இறுக்கி, ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் விழுந்தன. சுவருக்குள் சிறகுகள் இடி போல உருண்டன. தம்பி ஜெரார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். "அக்கா, வாடகை கேளு."

ஆகஸ்ட் 24

ஜெராருக்கு விடியும்வரை இருமல். நுரையீரல் அறுவைக்குப் பிறகு மாடி ஏற முடியாதென்று, கணப்பு இருக்கும் முன்னறையில் அவனைப் படுக்க வைத்தேன். அம்மா காலத்திலேயே தீ மூட்டுவதை நிறுத்திவிட்ட கணப்பு. இப்போது அதன் வழியே குளிர்தான் இறங்குகிறது. செப்டம்பர் பிறந்துவிட்டால், கனடா எல்லையோரத்து எங்கள் மடவாஸ்காவில் உறைபனி எந்த நாளும் விழலாம். இன்னொரு முறை நெஞ்சில் சளி கட்டினால் தாங்கமாட்டான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கொத்தனார் அலீரை வரச்சொன்னேன். அம்மா வழியில் அண்ணன் முறை. இந்த ஊரில் எல்லோருமே ஏதோ ஒரு முறைதான். என் ப்ளோய் அடையை மென்றுகொண்டே சொன்னார்: "உச்சியில தகர மூடி போட்டா முடிஞ்சுது. குஞ்சுங்க எல்லாம் பறந்தாச்சு. பெருசுங்க பகல்ல வெளிய போயிடும். அப்ப போட்டுடலாம், புரொபசரம்மா."

ஜெரார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 27

மழை. குளிர்.

ஆகஸ்ட் 28

நண்பகலில் மழை சற்று விட்டபோது அலீர் மூடியைப் போட்டார். அதற்கு முன் இருவரும் கணப்பருகே காது கொடுத்துக் கேட்டோம். சத்தமே இல்லை. பகல் நேரம், ஆகவே காலி. நானும் தலையாட்டினேன்.

மாலை. அடுப்பில் ஃப்ரிக்கோ, எங்கள் கோழிக் குழம்பு, கொதித்துக்கொண்டிருந்தது. ஜெரார் கத்தினான்: "அக்கா! உள்ள இருக்கு!"

கணப்புக்குள் தலையை நுழைத்து, குழாயின் அடியை மூடியிருக்கும் இரும்புத் தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, கைவிளக்கை மேலே அடித்தேன்.

ஐயோ. எப்படி எழுதுவது? குழாய்ச் சுவர் முழுக்க, கூரை ஓடு வேய்ந்ததுபோல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பறவைகள். குளிர்நாளில் இவை வெளியே போவதே இல்லை போலும் — ஒன்றையொன்று போர்த்திக்கொண்டு தொங்குகின்றன. ஒரே ஒரு கண் திறந்து என்னைப் பார்த்தது. விளக்கைத் தாழ்த்திக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதுவரை எந்தத் தேவாலயத்திலும் எனக்கு இப்படி ஆனதில்லை.

"கீழ் வழியா தொறந்து விடு. ரூமுக்குள்ள வரட்டும்."

"கரி பூரா உன் நெஞ்சுக்குள்ள போகும்டா. பேசாம படு."

"அதுங்க செத்துப்போகும்."

"நீ?"

அலீருக்குப் போன் செய்தேன். மழை மறுபடி கொட்டியது. "இதுல கூரை ஏறினா நாளைக்கு எனக்குத்தான் பூசை வைக்கணும். விடிஞ்சதும் வர்றேன். சாமிய வேண்டிக்கோ."

"எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப ஒன் கணக்கையாவது போட்டுப் பாரு."

பட்டினியோடு காலைவரை தாங்குமா அவை? இன்றைக்குத் திறந்து விட்டால் இவன் தாங்குவானா? எதற்கும் என்னிடம் எண் இல்லை.

ஆகஸ்ட் 29

வெயில். அலீர் ஏறி மூடியைக் கழற்றினார். ஒன்றும் வரவில்லை. அவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஜெரார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றான்.

நெடுநேரம் கழித்து, ஒன்று. பிறகு புகை. அப்படித்தான் தெரிந்தது — இத்தனை வருடம் புகையாத புகைபோக்கி கறுப்பாகப் புகைந்தது, புகை உடைந்து பறவையானது, வானம் பிடித்துக்கொண்டது.

"மூடிய என்ன பண்ண?" என்றார் அலீர் மேலிருந்து.

"எடுத்துட்டுப் போண்ணா. கீழ செங்கல் வச்சு அடை. மேல தொறந்தே இருக்கட்டும்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீயுந்தான் சொல்லல."

தடுப்பின் மேல் ஒன்று செத்துக் கிடந்தது. உள்ளங்கையில் எடையே இல்லை. ஆப்பிள் மரத்தடியில் புதைத்தேன். மாலைக்குள் கணப்பின் வாய் அடைபட்டது.

இருட்டும்வரை வெளியே நின்றேன். ஒன்றும் திரும்பவில்லை. தெற்கே போயிருக்கும் என்றார் அலீர். இருக்கலாம்.

ஜெரார் ஈரச் செங்கலில் காதை வைத்தான். "ஒண்ணும் கேக்கல" என்றான். பிறகு படுத்தான். கொஞ்ச நேரத்தில் கம்பளியைக் காலால் தள்ளிவிட்டு, இருமாமல் தூங்கிப்போனான்.